அறையில் இருந்தவள்

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினோரு மணி வரை பூனை, பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். இதை அவள் பிறகு பலரிடம் பலமுறை சொல்ல வேண்டி வந்தது. ஒருவரும் முதல் தடவையிலேயே நம்பவில்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பூனை என்பது ஆபீசில் வைத்த பெயர். பதினோரு வருடமாக அவளுடைய வேலை பார்ப்பதுதான். போனோ, டிக்கெட் மிஷினோ, புதிதாக ஒன்றைச் செய்து விற்பனைக்கு அனுப்பும் முன்னால் அதை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் எங்கே தடுமாறுகிறார், எதைத் தேடுகிறார், எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறார் என்று பூனை பார்த்து எழுதுவாள். அவள் எழுதியதை வைத்து அந்தச் சாதனத்தைத் திருத்துவார்கள். இந்த வேலைக்கு ஒரே சட்டம், உதவி செய்யக் கூடாது. கண்ணுக்கு எதிரே பச்சைப் பொத்தான் இருக்க, ஒருவர் பத்து நிமிடம் அதைத் தேடினாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் பொத்தான் தப்பான இடத்தில் இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். புதிதாகச் சேருபவர்கள் முதல் வாரத்திலேயே பொறுக்க மாட்டாமல் 'அதோ, அதோ அங்க!' என்று கத்திவிடுவார்கள். பூனை ஒரு நாளும் கத்தியதில்லை. பொந்துக்கு எதிரே உட்கார்ந்த பூனை மாதிரி ஆடாமல் அசையாமல் இருப்பாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அந்த வருடம் அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சுவர்த்திரை. தனியாக வசிப்பவர்களின் சமையலறையில் மாட்டுவதற்கு. பேசினால் அது எழுத்தில் பதில் சொல்லும், மாத்திரை நேரத்தை நினைவூட்டும், அவசரம் என்றால் ஆளைக் கூப்பிடும். அப்படித்தான் திட்டம். ஆனால் உண்மையான இயந்திரத்தைச் செய்து முடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதற்கு முன்பே மனிதர்கள் அதனிடம் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிய வேண்டும். இதற்கு அந்தத் தொழிலில் பழைய வழி ஒன்று உண்டு. இயந்திரத்துக்குப் பதில் ஒரு மனுஷியை ஒளித்து வைப்பது.

மூன்றாம் மாடியில் ஒரு போலிச் சமையலறை கட்டினார்கள். அடுப்பு எரியாது, குழாயில் மட்டும் தண்ணீர் வரும். நடைபாதையின் கோடியில், முன்பு காகிதக் கட்டுகள் வைத்திருந்த ஜன்னல் இல்லாத அறையில் பூனை உட்காருவாள். எதிரே சமையலறையைக் காட்டும் கேமரா படம், காதில் ஹெட்போன், கையருகே கீபோர்டு. பக்கத்தில் ஒரு தாளில் நாற்பது வாக்கியங்கள், எண் போட்டு இருக்கும். எண்ணை அழுத்தினால் வாக்கியம் சுவர்த்திரையில் போய் விழும். பதினேழு என்றால் 'மீண்டும் முயன்று பாருங்கள்.' இருபத்திரண்டு என்றால் 'உங்கள் மாத்திரை நீலப் பெட்டியில் உள்ளது.' சொந்தமாக எதையும் தட்டச்சு செய்யக் கூடாது, வந்தவரின் பெயரைத் தவிர.

வருபவர்களை அழைத்துவந்து சமையலறையில் சோதனையை நடத்துபவன் ஸ்பீக்கர். அவன் குரலுக்காக வைத்த பெயர். ரகசியம் சொன்னாலும் அடுத்த மாடிக்குக் கேட்கும். ஆரம்பிக்கும் முன்னால் அவன் பூனையின் கதவை இரண்டு தட்டு தட்டுவான், அவள் உள்ளேயிருந்து இரண்டு தட்டு தட்டுவாள். தயார் என்று அர்த்தம்.

வியாழக்கிழமைகளில் வந்தது தையல்காரம்மா. அறுபத்திரண்டு வயது, கணவர் இல்லை, மகள் வேறு ஊரில். ஒவ்வொருவரும் நான்கு வாரம் வர வேண்டும், திரை இயந்திரம் இல்லை என்ற உண்மையைக் கடைசி வாரம்தான் அவர்களிடம் சொல்வார்கள். முதல் வாரமே அவர் திரையின் எதிரே இடுப்பில் கை வைத்து நின்று, "ஏ பொண்ணு, சாப்பிட்டியா?" என்றார். அதற்கு நாற்பதில் பதில் இல்லை. பூனை முப்பத்தொன்பதை அழுத்தினாள். 'மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை.'

"சரி விடு, வேலை நேரத்துல பேசக் கூடாதுன்னு இருக்கும்" என்றார் தையல்காரம்மா.

இரண்டாம் வாரம் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அது அவர் இடது கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அவர் கையை உதறிப் பார்த்தார், பிசைந்தார். அரை நிமிடம் போல அந்தக் கை சும்மா தொங்கியது. பிறகு சரியாகிவிட்டது. "கத்திரி பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போகுது, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பூனையும் குறித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

மூன்றாம் வாரம்தான் பூனைக்குக் கடைவாய்ப்பல். புதன்கிழமை முழுக்க வலி மண்டையைப் பிளந்தது. மறுநாள் வர முடியாது, தையல்காரம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என மேலாளருக்குப் போன் செய்தாள். "நான் பாத்துக்கறேன், நீ பல்லைப் பாரு" என்றார் அவர். பிறகு அடியோடு மறந்துபோனார்.

பல்லைப் பிடுங்கிவிட்டு வியாழன் மதியம் முழுவதும் அவள் வீட்டில் தூங்கினாள். மாலையில் போனை எடுத்துப் பார்த்தால் ஸ்பீக்கரிடமிருந்து ஒன்பது அழைப்புகள். வாயில் பஞ்சு இருந்ததால் திருப்பிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள்.

பூனைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்பீக்கருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எங்க ஓடிட்டீங்க நேத்து? ஆம்புலன்ஸ் போனதும் திரும்பி வந்து பாத்தா ரூம் பூட்டியிருக்கு! உயிரைக் காப்பாத்திட்டு ஒரு வார்த்தை சொல்லாம போறதா?"

"யாரு உயிரை?"

"தையல்காரம்மா! பக்கவாதம்க்கா. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. நீங்க மட்டும் கண்டுபிடிக்கலைன்னா..."

"நான் நேத்து வரலையே" என்றாள் பூனை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்ததால் வார்த்தைகள் குழறின.

"என்னது?"

"நான் வரவே இல்ல. பல் டாக்டர்கிட்ட இருந்தேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஸ்பீக்கர் சிரிக்கவில்லை. "கதவைத் தட்டினேன்க்கா" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் குரல் தணிந்து கேட்டது. "ரெண்டு தட்டு. உள்ளேருந்து ரெண்டு தட்டு வந்துச்சு. அப்புறம்தான் ஆரம்பிச்சேன்."

மேலாளருக்கு அப்போதுதான் புதன்கிழமை போன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. மூவரும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவைப் போட்டுப் பார்த்தார்கள்.

படத்தில் தையல்காரம்மா வழக்கம்போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். முதல் இருபது நிமிடம் வித்தியாசமாக எதுவும் இல்லை. நான்கு, பதினொன்று, இருபத்திரண்டு என்று தாளில் உள்ள வாக்கியங்கள்தான் வருகின்றன. பத்து இருபத்துநான்குக்கு அவர் மாத்திரைப் பெட்டியை எடுக்கக் கை நீட்டுகிறார். கை பெட்டிக்குப் பக்கவாட்டில் போய் நிற்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சுவர்த்திரையில் மூன்று புள்ளிகள் துடித்தன. உள்ளே யாராவது எழுத்துகளைத் தட்டினால்தான் அந்தப் புள்ளிகள் வரும். எண்ணை அழுத்தினால் வராது.

'அம்மா, உட்காருங்க.'

மேலாளர் தாளை எடுத்துப் பார்த்தார். அந்த நாற்பதில் இது இல்லை. அந்த நாற்பதும் அச்சுத் தமிழில் இருந்தன. இது பேச்சாக இருந்தது.

"இரும்மா, மாத்திரையை எடுத்துட்டு வரேன்" என்றார் படத்தில் தையல்காரம்மா. நாக்கு லேசாகத் தடித்திருந்தது.

'மாத்திரை கிடக்கட்டும். உட்காருங்க. ரெண்டு கையையும் தூக்குங்க.'

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். வலது கை தலைக்கு மேலே போனது. இடது கை பாதி வரை வந்து மெல்ல மடியில் இறங்கியது. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

புள்ளிகள் மறுபடி துடித்தன.

'போன வாரம் கோப்பை விழுந்தப்ப கத்திரி பிடிச்சு மரத்துப்போச்சுன்னு சொன்னீங்க. கத்திரி பிடிக்கிறது வலது கை. மரத்துப்போனது இடது கை.'

பூனை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். படத்தில் அடுத்த வரி வந்தது.

'ஸ்பீக்கர், ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இது டெஸ்ட் இல்ல. மணி பத்து இருபத்தேழு. எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேப்பாரு, மூணு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லு.'

ஸ்பீக்கர் பாய்ந்து வெளியே ஓடுவது தெரிந்தது. ஓடும்போது அவன் கால் கேமரா வயரில் சிக்கியது. படம் இருண்டது. பூனையின் அறையிலிருந்த கம்ப்யூட்டரின் பதிவையும் திறந்து பார்த்தார்கள். அந்தக் கீபோர்டிலிருந்துதான் எல்லாம் வந்திருக்கிறது. பத்து இருபத்தேழுக்குப் பிறகு ஒரு எழுத்துகூட இல்லை.

அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று மேலாளரின் மேஜை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது. இன்னொன்று பூனையின் கைப்பையில். அந்தக் கைப்பை வியாழன் காலை பல் ஆஸ்பத்திரியில் அவள் கணவர் மடியில் இருந்தது.

மேலாளர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதப் பாரும்மா" என்றார் கடைசியில். "யாரோ ஒருத்தர் உள்ள இருந்திருக்காங்க. நல்லதுதான் செஞ்சிருக்காங்க. ரிப்போர்ட்ல உன்னைத்தான் எழுதியிருக்கேன். அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. நாம குடையக் குடைய அது எங்க போய் நிக்கும்னு எனக்குப் பயமா இருக்கு."

"பொய்யில்லையா சார்?"

"உன்னை மாதிரியேதான எழுதியிருக்கு?"

அதுதான் அவளை உலுக்கியது. அந்த வரிகளை அவள் எழுதவில்லை, ஆனால் எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பாள். முற்றுப்புள்ளி வைக்கிற இடம்கூட அவளுடையதுதான்.

தன் இடத்துக்குப் போய் இரண்டாம் வாரக் குறிப்பை எடுத்தாள். அவளுடைய நேர்த்தியான கையெழுத்தில் இருந்தது: 'கோப்பை நழுவியது. சுமார் 35 நொடி இடது கை பயன்பாடு இல்லை. பரிந்துரை: இடப்பக்கப் பொத்தான்களை வலப்பக்கம் மாற்றலாம். அளவையும் பெரிதாக்கலாம்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஒரு பெண்ணின் கை அரை நிமிடம் செத்துப்போனதைத் தன் கண்ணால் பார்த்து, நொடிக் கணக்கு எடுத்து, பொத்தானைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தாள். அந்தத் தாளை அவளால் மடிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார். சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ எங்கயும் போகல. அதுக்கு நான் சாட்சி. கண்ணாடிக் கதவு வழியா உன்னைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஆனா ஒண்ணு." கையைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா பயப்படுவியோன்னு பாக்கறேன்."

"இனிமே புதுசா பயப்பட என்ன இருக்கு? சொல்லுங்க."

"ஊசி போட்டு, டாக்டர் வேலையை ஆரம்பிச்சதும் உன் கை ரெண்டும் நாற்காலிப் பிடில இருந்துச்சு. திடீர்னு விரலெல்லாம் ஆட ஆரம்பிச்சுது. வலில துடிக்கிறியோன்னு எழுந்துட்டேன். அப்புறம் பாத்தா... அது துடிப்பு இல்ல. டைப் அடிக்கிற மாதிரி. பத்து விரலும். நடுநடுல நிறுத்தி, யோசிச்சு, மறுபடி."

"எத்தனை மணிக்கு?"

"கடியாரத்தைப் பாக்கல. பல்லு வந்ததும் நின்னுபோச்சு."

பூனை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஊசி போட்டுக் கன்னம் மரத்துப்போனதும், தன் வாய் தன்னுடையதாக இல்லாமல் போனதும், அவளுக்குத் தையல்காரம்மாவின் கை நினைவுக்கு வந்திருந்தது. கத்திரி வலது கையில் அல்லவா என்ற எண்ணம் மின்னல் மாதிரி வெட்டியது. உடனே யாருக்காவது போன் செய்ய வேண்டும் என்று எழப் பார்த்தாள். "ஆடாதீங்க, வாயை நல்லாத் திறங்க" என்றார் டாக்டர். சரி, முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்குத்தான் அந்த அம்மா வரமாட்டாரே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் அது மறந்தே போனது.

இதையும் கணவரிடம் சொன்னாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். இருவரும் அன்று சாப்பிட்டது பேருக்குத்தான்.

சனிக்கிழமை காலை பார்வை நேரத்தில் பூனை ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலிலேயே தையல்காரம்மாவின் மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்கம்மாவைத் திருப்பிக் குடுத்தீங்க" என்றாள். பூனையால் அவள் முதுகைத் தடவ மட்டும்தான் முடிந்தது. மகள் மருந்து வாங்கப் போன பிறகு கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தையல்காரம்மாவின் வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. பூனை வழக்கப்படி கடைசி வாரம் சொல்ல வேண்டியதை அங்கேயே சொன்னாள். அது இயந்திரம் இல்லை, வேறொரு அறையில் ஒரு ஆள் உட்கார்ந்து பதில் அனுப்பினாள், அந்த ஆள் நான்தான், ஏமாற்றியதற்கு மன்னிக்க வேண்டும் என்றாள்.

"மிஷின் இல்லேன்னு மொத நாளே தெரியும்" என்றார் தையல்காரம்மா. "சாப்பிட்டியான்னு கேட்டதும் திக்குச்சே. மிஷின் எதுக்குத் திக்கணும்?"

பூனைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஆனா வியாழக்கிழமை இருந்தவ நீ இல்ல."

பூனை நிமிர்ந்தாள். "எப்படிச் சொல்றீங்கம்மா?"

"அளவு எடுக்கிறவளுக்குத் தெரியாதா? நீ என்னைப் பாக்கறப்ப டேப்பு வெச்சு அளக்கற மாதிரி இருக்கும். எத்தனை இஞ்ச், எவ்வளவு குறையுதுன்னு. அவ அப்படிப் பாக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தத் தம்பி போன் பண்ண ஓடிட்டான்ல, அப்ப நான் தனியா இருந்தேன். ரொம்ப பயந்துட்டேன். அவதான் பேசிக்கிட்டே இருந்தா. எழுத்து வந்துக்கிட்டே இருந்துச்சு."

"பத்து இருபத்தேழுக்கு அப்புறமாவா?"

"மணியெல்லாம் யாரு பாத்தா? ஆளுங்க வந்து தூக்கற வரைக்கும். கண்ணை மூடாதீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம், படியேறி வந்துட்டாங்கன்னு. நீ யாரும்மான்னு கேட்டேன்." அவர் வலது கையால் போர்வையின் ஓரத்தை மடித்து, தைப்பதற்குத் தோதாகப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வருஷமா ஒருத்தி யாருக்கும் உதவ விடாம என் கையைப் பிடிச்சு வெச்சிருந்தா. இன்னிக்குக் கொஞ்ச நேரம் அசந்துட்டா. அதான் வந்தேன். இப்படித்தான் எழுதுச்சு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. பூனை தன்னையறியாமல் கைப்பையைத் திறந்து குறிப்பேட்டை வெளியே எடுத்திருந்தாள்.

"எழுதறது இருக்கட்டும்" என்றார் தையல்காரம்மா. "தலகாணி சரிஞ்சு அரை மணி நேரமாச்சு. அதைக் கொஞ்சம் தூக்கி வை."

பூனை குறிப்பேட்டைத் தரையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை அவள் மேலாளரிடம் போய் இரண்டாம் வாரக் குறிப்பை மேஜையில் வைத்தாள். நான் பார்த்தேன், கணக்கு எடுத்தேன், சும்மா இருந்தேன் என்றாள். அறிக்கையிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னாள். வருபவர்களுக்கு உடம்பில் எதுவானாலும் அந்த நொடியே சோதனையை நிறுத்த வேண்டும், அதைச் சட்டத்தின் முதல் வரியாகப் போட வேண்டும் என்றாள். மேலாளர் முதலில் மழுப்பினார், பிறகு இரண்டுக்கும் தலையாட்டினார். அறிக்கையில் 'சோதனைக் குழு' என்று மாற்றி எழுதினார். பூட்டை மாற்றினார்கள். ஒரே சாவி செய்யச் சொல்லி, அதைப் பூனையிடம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அடுத்த ஆள் வந்தார். நாற்பது வருடம் ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர், விரல் மூட்டுகள் வீங்கிய மனிதர். பூனை அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். நாற்காலியை ஒரு முறை சுற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முதுகைப் பின்சுவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

லிப்ட்காரர் மாத்திரைப் பெட்டியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். பிறகு பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல், "என்னால முடியலம்மா. வீட்டுலயும் இப்படித்தான். திறக்க முடியாத அன்னிக்கு மாத்திரை போடறதில்ல" என்றார்.

தாளின்படி பதினேழு. 'மீண்டும் முயன்று பாருங்கள்.' பூனையின் விரல் கீபோர்டில் ஒன்று என்ற எண்ணின் மேல் போய் நின்றது. அப்படியே நின்றது. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடைபாதையைக் கடந்து சமையலறைக் கதவைத் திறந்தாள்.

ஸ்பீக்கர் பேயைக் கண்டவன் போல எழுந்தான். "அக்கா! டெஸ்ட் நடக்குது!"

"நடக்கட்டும்."

"யாரும்மா நீ?" என்றார் லிப்ட்காரர்.

"இதுக்குள்ள இருந்து பேசினது நான்தாங்க ஐயா." அவள் அவர் எதிரே உட்கார்ந்து பெட்டியை வாங்கினாள். தானும் ஒரு முறை நெம்பிப் பார்த்தாள். உண்மையிலேயே திறக்கவில்லை. "இதை எவன் செஞ்சான்னு தெரியல. எனக்கே வரமாட்டேங்குது."

லிப்ட்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! நான் என் கைதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்." இருவரும் சேர்ந்து ஒரு கரண்டிக் காம்பைச் செருகி மூடியைத் தூக்கினார்கள். மாத்திரைகள் மேஜையெங்கும் உருண்டன. வீட்டில் அந்தப் பெட்டியை எங்கே வைக்கிறார், எந்தெந்த நாளில் திறக்க முடிவதில்லை, அப்போது யாரைக் கூப்பிடத் தோன்றும், ஏன் கூப்பிடுவதில்லை என்று அவள் கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் எந்த மனிதரிடமும் நேரில் இத்தனை கேட்டதில்லை. அவரும் அணை திறந்தது போலச் சொல்லிக்கொண்டே போனார்.

பேச்சுக்கு நடுவில் ஸ்பீக்கர் அவள் தோளைத் தொட்டான். சுவரைக் காட்டினான்.

திரையில் மூன்று புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன.

பூனையின் இரண்டு கைகளும் மேஜையின் மேல் இருந்தன. சாவி அவள் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. மூவரும் திரையைப் பார்த்தார்கள். புள்ளிகள் நின்றன. மறுபடி துடித்தன. நீளமாக ஏதோ எழுதுவதற்கு ஆகும் நேரம் போலத் தோன்றியது. பிறகு அணைந்துவிட்டன. எழுத்து எதுவும் வரவில்லை.

"ஏதோ சொல்ல வந்துட்டு, வேணாம்னு விட்டுருச்சு" என்றார் லிப்ட்காரர், சாதாரணமாக.

அதன் பிறகு பூனை அந்த அறைக்குள் உட்காரவில்லை. சமையலறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வருபவர்களோடு பேசி, அவர்கள் திணறும் இடத்தில் கொஞ்சம் பொறுத்து, அதற்கு மேல் பொறுக்காமல் கை கொடுத்து வேலை செய்தாள். அவளுடைய நொடிக் கணக்குகள் முன்பைப் போலத் துல்லியமாக இல்லை என்று மேலாளர் குறைப்பட்டார். ஆனாலும் பெட்டியின் மூடியை மாற்றினார்கள். தையல்காரம்மா மூன்று மாதத்தில் கைத்தடி இல்லாமல் நடந்தார். இடது கை முழுவதும் திரும்பவில்லை. துணியை அழுத்திப் பிடிக்க மட்டும் அது போதும் என்று மறுபடி மெஷினில் உட்கார்ந்தார்.

அந்த அறை இப்போதும் நடைபாதையின் கோடியில் இருக்கிறது. கம்ப்யூட்டரை எடுத்துவிட்டார்கள். மறுபடி காகிதக் கட்டுகள் வைக்கலாம் என்று எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. இதுவரை யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. நாற்காலியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று பூனை கேட்டுக்கொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.